தவமலரின் கடைக்கு எந்த இலக்கம்?

இனி ஒரு கடை என்ன கடை என்று கம்பியூட்டரே முடிவு செய்துவிடுமாம். நான் ஓய்வு பெற்ற பிறகு வங்கியில் என்னுடைய கதிரைக்கு வந்த கீர்த்தனா என்ற பிள்ளை போன கிழமை போன் எடுத்துச் சொன்னார். "சேர், இனி நாங்கள் வெயிலுக்குள்ள கடை கடையாத் திரியத் தேவையில்லை. பேரையும் பதிவையும் போட்டா அதுவே இலக்கத்தைத் தருது."

"நல்லது பிள்ளை, கறுக்காமல் இருப்பீர்" என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்த பிறகுதான் எரிச்சல் வந்தது. தேத்தண்ணி கொண்டுவந்த மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு "இப்ப ஆரோட கொளுவல்?" என்று கேட்டாள். ஒருவரோடும் இல்லை. ஆனால் அந்தக் கம்பியூட்டரிடம் உடையார்கட்டுத் தவமலரின் கடையைக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கார்ட் மெசின் வைத்திருக்கிற ஒவ்வொரு கடைக்கும் நாலு இலக்கத்தில் ஓர் எண் உண்டு. மருந்துக்கடைக்கு ஒன்று, நகைக்கடைக்கு ஒன்று, சாப்பாட்டுக் கடைக்கு ஒன்று. கிளிநொச்சியில் இருந்தாலும் கனடாவில் இருந்தாலும் மருந்துக்கடைக்கு அதே எண்தான். கார்ட்டைக் கொடுக்கிற ஆளுக்கு அது தெரியாது, வாங்குகிற முதலாளிக்கும் பெரும்பாலும் தெரியாது. ஆனால் கார்ட்டைக் கொடுத்த வங்கி அந்த எண்ணைப் பார்த்துத்தான் இது நடக்கக்கூடிய வியாபாரமா, களவா என்று கண்மூடித் திறக்கும் முன் முடிவெடுக்கும். அந்த எண்ணைப் போடுகிறதுதான் என் வேலையாக இருந்தது. வன்னி முழுக்க, ஆனையிறவிலிருந்து வவுனியா வரைக்கும்.

கொழும்பில் குளிரூட்டிய அறையில் இருத்திப் படிப்பித்துத்தான் அனுப்பினார்கள். அந்தப் படிப்பில் கடைகளுக்குச் சுவர் இருந்தது. நான் வந்து இறங்கிய காலத்தில் கிளிநொச்சியில் பாதிக் கடை தகரம், மீதிக் கடை தறப்பாள். ஒரே தகரத்துக்குக் கீழ் உரமும் விற்றார்கள், சோறும் விற்றார்கள், பக்கத்தில் சைக்கிளுக்கு ஒட்டும் போட்டார்கள். இதற்கு எந்த எண் என்று நான் கொழும்புக்குப் போன் எடுத்தால் அங்கே சிரிப்பார்கள்.

எனக்கு உண்மையில் வேலை பழக்கியவர் எங்கள் பிராந்திய மேலாளர் சிவகாமி மேடம். கட்டையான ஆள், பருத்திச் சேலை, கையில் எப்போதும் குடை. கடைக்குள் போனால் முதலில் எதையாவது காசு கொடுத்து வாங்குவார். ஒரு சவர்க்காரம், ஒரு பெட்டி நெருப்புக்குச்சி. முதலாளி கதிரை போட்டால் இருக்கமாட்டார். வாங்கின பொருளைக் கையில் வைத்துக்கொண்டு கடையைச் சுற்றி ஒரு நடை நடப்பார். குப்பைக் கூடையை எட்டிப் பார்ப்பார், எந்தப் பெட்டி வெறுமையாகக் கிடக்கிறது என்று பார்க்க. பிறகுதான் வாய் திறப்பார்.

பரந்தனில் ஒரு கடைக்கு நான் முதல் நாள் போய்ப் "புத்தகக் கடை" என்று எழுதி வந்திருந்தேன். போர்டில் பெரிய எழுத்தில் புத்தகசாலை என்றுதானே இருந்தது! அடுத்த நாள் மேடம் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார். ஓம், அவர்தான் மோட்டார் சைக்கிள் ஓடினார். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய செல்லத்துரை என்பவர்தான் முதலாளி.

"கடைசியா வந்த ஆள் என்ன வாங்கிக்கொண்டு போனது?" என்று மேடம் கேட்டார்.

"ஒரு சோடி சப்பாத்துங்க."

"அதுக்கு முன்னம்?"

"போனுக்கு ரீலோட் போட்டாங்கம்மா. அதுக்கு முந்தி ஒரு புள்ள வந்து பால்மாப் பக்கெட்டு வாங்கிட்டுப் போச்சு."

"புத்தகம்?"

செல்லத்துரை தலையைச் சொறிந்தார். "அதெல்லாம் ஜனவரி மாசந்தாங்க."

வெளியே வந்ததும் மேடம் குடையால் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "என்ன விக்கிறீங்கள் எண்டு கேக்காதையும். அதுக்கு எல்லாரும் தாங்கள் விக்க ஆசைப்படுறதைத்தான் சொல்லுவினம். கடைசியா வந்த ஆளைக் கேளும்." பிறகு நான் ஓய்வு பெறும் வரைக்கும் அந்தக் கேள்வியைத்தான் கேட்டுத் திரிந்தேன்.

தவமலரின் கடைக்கும் நாங்கள் இரண்டு பேருமாகத்தான் போனோம். உடையார்கட்டில் றோட்டோரம் ஒரு நீளக் கொட்டில். கதிரை, பந்தல், கிடாரம், லைட், மணவறை எல்லாம் வாடகைக்கு. நாங்கள் போனபோது அவர் சோறு காய்ச்சுகிற பெரிய கிடாரம் ஒன்றுக்குள் அரைவாசி உடம்பை விட்டுக்கொண்டு உரஞ்சிக்கொண்டிருந்தார். நாற்பதை எட்டாத வயது. இயக்கத்தில் இருந்து, சண்டை முடிந்த பிறகு தடுப்பு முகாமில் புனர்வாழ்வு முடித்து வந்தவர். தனி ஆள். கூட வேலை செய்த பெண்களில் மூன்று பேர் அவரைப் போலவே வந்தவர்கள்.

கடைசியாக வந்தது கலியாண வீடு என்று சொன்னார். மேடம் நடை நடந்தார். கொட்டிலின் பின்பக்கம் தறப்பாளால் மூடியிருந்த ஒன்றைக் குடை நுனியால் தூக்கினார். உள்ளே பிரேதப் பெட்டி வைக்கிற தாங்கி, வெள்ளைத் துணிச் சுருள், வாசலில் கட்டுகிற கறுப்புக் கொடி.

தவமலர் ஓடிவந்து தறப்பாளை இழுத்து மூடினார். "அம்மா, அதை மட்டும் எழுதாதேங்கோ. பெட்டி, வாகனம், மேளம், எல்லாம் நான்தான் ஒழுங்குபடுத்திக் குடுக்கிறனான். செத்தவீடுதான் எனக்குக் கூட வாறது. ஆனா செத்தவீட்டுக் கடை எண்டு பேர் விழுந்தா கலியாணத்துக்கு ஆர் என்ர கதிரையில வந்து இருக்கப்போகினம்?"

எண் வெளியில் ஒருவருக்கும் தெரியாது என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவர் நம்பவில்லை. தெரியாது என்று சொன்ன எத்தனையோ விஷயம் பிறகு தெரிய வந்ததைக் கண்டவர் அவர். மேடம் தறப்பாளின் விளிம்பைக் குடையால் ஒதுக்கிச் சரியாக மூடிவிட்டார். பிறகு "வாடகைப் பொருள் எண்டு போடும்" என்றார். அவர் தன்னுடைய சட்டத்தைத் தானே மீறியதை நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

தவமலருக்குக் கொடுத்த கார்ட் மெசின் நல்லாத்தான் ஓடியது, ஓர் ஆவணி மாதக் காலை கொழும்பிலிருந்து திலக் போன் எடுக்கும் வரைக்கும். திலக் மோசடித் தடுப்புப் பிரிவில் இருந்தவர். கெட்ட மனிதர் இல்லை, கெட்டிக்காரர். ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். கிழமைக் கணக்கில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு கதிரைக் கடையில் முதல் நாள் பின்னேரம் ஐந்து வெளிநாட்டுக் கார்ட் அடிபட்டிருக்கிறது. மூன்று கனடா, ஒரு லண்டன், ஒரு சுவிஸ். ஒன்றுக்குப் பின் ஒன்றாக. ஐந்திலும் ஒரே தொகை, சதம் பிசகாமல். களவெடுத்த கார்ட் எண்களைச் சோதித்துப் பார்க்கிறவர்கள் செய்வது அச்சொட்டாக இதுதான் என்று அவர் சொன்னார். மெசினை நிற்பாட்டிவிட்டார். நாலு மணிக்குள் ஐந்து கார்ட்டுக்கும் உரியவர்களை நான் உறுதிப்படுத்தாவிட்டால் கடையைத் தடைப் பட்டியலில் போட்டு, சந்தேகத்துக்குரிய பணம் என்று அறிக்கையும் மேலே அனுப்பிவிடுவார்.

தடைப் பட்டியலில் விழுந்தால் எந்த வங்கியும் அந்த ஆளுக்கு மெசின் கொடுக்காது. அதுகூடப் பரவாயில்லை. எனக்குப் பயம் அந்த அறிக்கையில்தான். கொழும்பில் ஒரு துணிக்கடைக்கு அப்படி ஓர் அறிக்கை போனால் ஒரு கணக்காளர் வந்து கேள்வி கேட்பார். உடையார்கட்டில், வெளிநாட்டுக் காசு, பழைய இயக்கப் பெண் என்று போனால் யார் வருவார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். திலக்குக்குத் தெரியாது.

மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு போனேன். தவமலர் கணக்காகக் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மெசின் நின்றது அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"நேத்து ஐஞ்சு கார்ட் அடிச்சிருக்கு. ஆற்ற?"

"உள்றோட்டில ஒரு தாய் செத்துப்போனா சேர். பிள்ளையள் எல்லாம் வெளிநாட்டில. எல்லாரும் வந்து நிக்கினம். பெட்டியிலயிருந்து பந்தல் வரைக்கும் ஒரே பில். பங்கு போட்டுக் கட்டினவை."

எனக்கு மூச்சு வந்தது. எங்கள் ஆட்கள் செய்வதுதானே! தாய் தகப்பனின் செத்தவீட்டுச் செலவை ஒரு பிள்ளை தனியே கட்ட மற்றப் பிள்ளைகள் விடமாட்டார்கள். எல்லாருக்கும் சம பங்கு, சதம் கூடினாலும் சண்டை வரும். "எத்தினை பிள்ளையள்?" என்று கேட்டேன்.

"நாலு பேர் வந்தவை."

"அப்ப ஐஞ்சாவது கார்ட்?"

அவர் கதிரை அடுக்குவதை நிற்பாட்டவில்லை. "ஞாபகமில்லை சேர்."

எந்தக் கதிரையின் எந்தக் கால் எந்த வீட்டில் வெடித்தது என்று வருடக்கணக்காக நினைவு வைத்திருக்கிற பெண், நேற்று அடித்த கார்ட் ஞாபகமில்லை என்கிறார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "விளையாடாதேங்கோ தவமலர்! நாலு மணிக்கு உங்கட பேர் மேல போகப்போகுது."

அப்போதுதான் நிமிர்ந்தார். "மெசினைக் கொண்டு போங்கோ சேர். எனக்கு மெசின் வேண்டாம். என்ர பேரை மட்டும் அனுப்பாதேங்கோ. இப்பதான் ரெண்டு வருசமா வாசல்ல ஒருத்தரும் வந்து நிக்கிறேல்லை. என்னோட வேலை செய்யிற இந்தப் பிள்ளையளும் இப்பதான் ராவில நித்திரை கொள்ளுதுகள்."

"அப்ப சொல்லுங்கோ, ஆற்ற கார்ட்?"

அவர் அடுத்த கதிரையை எடுத்து அடுக்கினார்.

றோட்டுக்கு வந்து மேடத்துக்குப் போன் எடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உமக்கு அவாவில சந்தேகமோ?" என்றார்.

"கொஞ்சம் இருக்கு மேடம்."

"எனக்கும் இருக்கு. ஆனா சந்தேகத்தை அனுப்ப எங்களுக்குச் சம்பளம் தாறேல்லை. செத்தவீட்டுக்குப் போம். போன உடன கார்ட்டைக் கேக்காதையும், முதல்ல இரும்."

நான் போய்ச் சேர்ந்தபோது பிரேதம் எடுத்து ஆயிற்று. ஆண்கள் சுடலைக்குப் போய்விட்டார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். தவமலரின் கதிரைகளில் ஒன்றில் நான் இருந்தேன். மதிலில் ஒட்டியிருந்த மரண அறிவித்தலில் பிள்ளைகளின் பெயர்களைப் பார்த்தேன். ஐந்து பெயர். இராசேந்திரன் கனடா, இரண்டாவது மகள் லண்டன், மூன்றாவது மகன் சுவிஸ், கடைசி மகள் சுகந்தி கனடா. சுகந்திக்கு மேலே உள்ள மகன் ஒருவரின் பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று இருந்தது. அப்படியானால் நாலு பேர்தான்.

இருந்துவிட்டுக் கேட்டேன். லண்டன் மகள் வெடித்தார். "செத்தவீட்டில வந்து கார்ட் கேக்கிறியளே, உங்களுக்கு வெக்கமில்லையோ?"

"இருக்குத் தங்கச்சி. எண்டாலும் காட்டுங்கோ. இல்லாட்டி ஒரு பெண்ணின்ர பேர் நாறிப்போகும்."

முகத்தைத் திருப்பிக்கொண்டு கொண்டுவந்து காட்டினார். கடைசி நாலு இலக்கம் சரி. கடவுச்சீட்டும் சரி. சுகந்தியும் பேசாமல் ஒரு கார்ட்டைக் கொண்டுவந்தார். அதுவும் சரி. வேறு கார்ட் ஏதும் அடித்தீர்களா என்று கேட்டேன். இல்லையென்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சுடலையிலிருந்து ஆண்கள் வரச் சுணங்கியது. திலக் இரண்டு தரம் எடுத்தார், இரண்டு தரமும் பொறுக்கச் சொன்னேன். கடைசியில் அவர்கள் வந்து தோய்ந்து, கொள்ளி வைத்த மூத்தவர் இராசேந்திரன் மொட்டைத் தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டத் தன் கார்ட்டைக் காட்டினார். சுவிஸ் தம்பியும் காட்டினார். நாலும் சரி. ஐந்தாவது கார்ட்டின் எண்ணை வாசித்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

நேரம் பார்த்து, தவமலர் பெட்டி பூட்டின லான்ட்மாஸ்டர் உழவு வண்டியில் கதிரை ஏற்ற வந்து படலை வாசலில் நின்றார். அவரைக் கண்டதும் மூத்தவருக்கு எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி. "ஓ, இவாதான்! எங்கட கார்ட்டுகள் எல்லாம் இவாவின்ர கையிலதானே நேத்துக் கிடந்தது. எங்கட அம்மான்ர செத்தவீட்டில களவெடுக்கிறீரோ? பொலிசுக்கு எடுங்கோடா!"

சுவிஸ் தம்பி போனை எடுத்தேவிட்டார். "தவமலர், வாயைத் திறந்து சொல்லுங்கோவன்!" என்று நான் கத்தினேன். பொலிஸ் என்றதும் அவர் படலையை விட்டு ஓரடி பின்னால் போனார். ஆனாலும் "எனக்குத் தெரியாது சேர்" என்றார்.

"அவாவை ஏசாதேங்கோ பெரியண்ணை."

சுகந்தி வாசலுக்கு வந்திருந்தார். கையில் இன்னொரு கார்ட். "அது என்ர. இதையும் நான்தான் அடிச்சனான். ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம் எண்டு தவமலர் அக்காட்டக் கேட்டனான்."

"உன்ர பங்கைத்தான் நீ கட்டிட்டாய். பிறகென்னத்துக்கு?"

"அது சின்னண்ணையின்ர பங்கு."

மூத்தவர் வாய் திறக்க முன் சுகந்தியே தொடர்ந்தார்.

"கணக்கை நான் பாக்கிறன் எண்டு சொல்லி ஐஞ்சாப் பிரிச்சனான். நீங்கள் நோட்டீசில காலஞ்சென்ற எண்டு போட்டிட்டியள். ஆரைக் கேட்டுப் போட்டனீங்கள்? சண்டையின்ர கடைசி நேரத்தில அவரைத் துலைச்ச நாளிலயிருந்து அம்மா ஒருநாளும் அந்தச் சொல்லைச் சொல்லேல்லை. ஆரும் சொன்னா அண்டைக்கு முழுக்கச் சாப்பிடமாட்டா. இப்ப அம்மான்ர செலவை நாலாப் பிரிச்சா, அண்ணை இல்லையெண்டு நாங்களே காசு குடுத்துச் சொன்ன மாதிரி எல்லோ!" லண்டன் அக்கா வந்து சுகந்தியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

கார்ட்டை வாங்கிப் பார்த்தேன். நாலு இலக்கமும் சரி. என் கண்ணுக்கு அவை சரியாகத் தெரியாததால் இரண்டாம் தரமும் பார்த்தேன்.

திலக் எடுத்தார். ஐந்தாவது கார்ட்டும் குடும்பத்தினுடையதுதான், தங்கை தன் அண்ணனுடைய பங்குக்காக அடித்தது என்று சொன்னேன். திலக் தன் வேலையைச் செய்கிறவர். அந்த அண்ணன் அங்கே நிற்கிறாரா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் இப்போது எங்கே என்று கேட்டார்.

போனைக் கையால் பொத்திக்கொண்டு முற்றத்தைப் பார்த்தேன். "சின்னண்ணை எங்க எண்டு கேக்கினம். என்னெண்டு சொல்ல?"

எல்லாரும் மூத்தவரைப் பார்த்தார்கள். அவர் மதிலில் இருந்த அறிவித்தலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதை எழுதிக் கொடுத்தவர் அவர்தான்.

"தெரியாது எண்டு சொல்லுங்கோ" என்றார்.

அப்படியே சொன்னேன். தெற்கிலும் பிள்ளைகளைத் துலைத்த தாய்மார் இருக்கிறார்கள். திலக் என்ன நினைத்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மெசினைத் திறந்துவிடுகிறேன், அறிக்கை போகாது என்று மட்டும் சொன்னார். அதைத் தவமலரிடம் சொன்னபோது அவர் முற்றத்துக் கதிரைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார்.

"ஏன் பிள்ளை சொல்லேல்லை? உங்கட பேரெல்லோ போகப் பாத்தது" என்று கேட்டேன்.

"என்னோட நிண்ட எத்தினை பேரை ஆக்கள் இப்பிடித்தான் சேர் செத்திட்டினம் எண்டு முடிச்சு எழுதிப்போட்டினம்" என்றார். "சொல்லாதேங்கோ எண்டு அந்தப் பிள்ளை ஒண்டைத்தானே கேட்டது."

அடுத்த நாள் காலை நானும் மேடமும் போனோம். இனி இது செத்தவீட்டுச் சேவை என்றுதான் பதியவேண்டும், இல்லாவிட்டால் அடுத்த செத்தவீட்டிலும் இதே கூத்துத்தான் என்று மேடம் கண்டிப்பாகச் சொன்னார். தவமலர் கலியாணக்காரரைச் சொல்லி மறுபடியும் அழுதார். வேறு வேறு தொழிலென்றால் ஒரே ஆளுக்கு இரண்டு எண், இரண்டு மெசின் கொடுக்கலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. சின்னக் கடைகளுக்கு ஒருவரும் கொடுப்பதில்லை, அவ்வளவுதான். மேடம் தலைமை அலுவலகத்தோடு சண்டை பிடித்து, கிளையில் சும்மா கிடந்த மெசின் ஒன்றைப் பறித்து, எட்டாம் நாள் காரியமான எட்டுச் செலவுக்கு முன்னமே புது எண்ணோடு கொண்டுவந்து கொடுத்தார். அதற்குத் தவமலர் சாம்பல் நிறத்தில் ஓர் உறை தைத்துப் போட்டார்.

எட்டுச் செலவுச் சாமானுக்குச் சொல்ல நாலு பிள்ளைகளும் வந்தபோது புது மெசினைப் பழக்கிக் காட்ட நான் அங்கே நின்றேன். தவமலர் கணக்கைக் கூட்டி முடித்தார். சுகந்தி கைப்பையைத் திறக்கப் போனார். மூத்தவர் அவருடைய கையைப் பிடித்து நிற்பாட்டினார்.

"ஐஞ்சாப் பிரியுங்கோ தங்கச்சி" என்று தவமலரிடம் சொன்னார். "ரெண்டு பங்கு என்னட்ட எடுங்கோ."

ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஐந்து தரம் அடித்தோம், ஐந்திலும் ஒரே தொகை. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கொழும்பிலிருந்து ஒருவரும் எடுக்கவில்லை.